இருபது நிமிடத்துக்கு அப்பால்

வைகாசி முதல் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு அளவர் வந்தார். ரக்ஷனா பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். அளவர் குனிந்து கணுக்காலில் நடைமானியைக் கட்டினார். கட்டைவிரல் அளவே இருக்கும் கருவி. அதில் பச்சை விளக்கு எரிந்தது.

"வழக்கமா எப்படி நடப்பீங்களோ அப்படியே நடங்கம்மா. கூட வருவேன், பேசுவேன். கை மட்டும் கொடுக்க மாட்டேன்."

அளவரின் பெயர் ஓவியா. ஐந்து ஆண்டுகளாக அவர்தான் வருகிறார், இதையேதான் சொல்கிறார்.

கழிமேட்டில் இருநூற்றுப் பத்து வீடுகள். பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள்.

"அவசரப்படாதக்கா," என்றான் எதிர்வீட்டு பிரணவ். "கடைசியா வர்றவங்களுக்குக் கப்பு குட்க்கிற ரேஸு இது ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரக்ஷனாவும் சிரித்தாள். எழுந்தபோது இடுப்பில் ஆணி இறங்கியது.

நகரத்தில் சொந்த வண்டிகள் ஒழிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓட்டுநரில்லாப் பேருந்துகள்தான் எல்லோரையும் சுமந்தன. அவற்றுக்கு எட்டாமல் கிடக்கும் இடங்கள் எவை என்று கண்டுபிடிக்க முதலில் வரைபடத்தை நம்பினார்கள். வரைபடம் மீட்டரில் பேசியது. மீட்டருக்கு மூட்டுவலி கிடையாது. பிறகு சட்டம் மாறியது. ஓர் இடத்தில் குடியிருப்பவர்களில் மிக மெதுவாக நடப்பவர் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதுவே அந்த இடத்தின் தொலைவு. இருபதைத் தாண்டினால் அது தொலைவிடம்; அங்கே ஒரு நிறுத்தம் உண்டு. தாண்டாவிட்டால் அந்த நிறுத்தம் வேறொரு தொலைவிடத்துக்குப் போகும். அறவே நடக்க முடியாதவர்களுக்கு வாசலுக்கே வண்டி வந்தது. அவர்கள் கணக்கில் இல்லை.

கழிமேட்டிலிருந்து நெடுஞ்சாலை நிறுத்தம் ஆயிரத்து இருநூறு மீட்டர். ரக்ஷனாவுக்கு முப்பத்தோரு நிமிடம். அவளுக்கு அடுத்து மெதுவாக நடப்பவருக்குப் பதினெட்டு. அந்த இடைவெளியில்தான் பேருந்து வந்துபோய்க்கொண்டிருந்தது.

அந்த நன்றி ஊருக்கு இருந்தது. வலையில் இறால் விழுந்தால் முதல் பங்கு அவளுக்கு. தண்ணீர்க் குடத்தை அவள் தூக்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

கழியோரப் பாதையில் இருவரும் நடந்தார்கள். வளைவு தாண்டி ஊர் மறைந்ததும் ரக்ஷனா பேசினாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து லெட்டர் வந்துக்குது மேடம். இடுப்புக்கு."

"நல்ல விஷயம்தானே?"

"மூணாவது லெட்டர். ரெண்டு தபா அப்பால வரேன்னு எழுதிப் போட்டுட்டேன். இந்தத் தபா வரலன்னா பேர எடுத்துடுவாங்களாம்."

ஓவியா அவள் பக்கம் திரும்பினார்.

"யாராவது போக வேணாம்னு சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லல. லெட்டர் வந்த அன்னிக்கு மூணு வூட்லேர்ந்து மீன் கொழம்பு வந்துச்சு."

"உங்களுக்குப் பஸ் வேணாமா?"

"வேணும். காலும் வேணும்." ரக்ஷனா நின்று மூச்சு வாங்கினாள். கருவி அதையும் எண்ணியது. "நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"நான் இருக்கிற இடத்துல வாசல்லயே நிறுத்தம்மா. நான் சொல்றது சரியா வராது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு எடுக்கிற அளவு அடுத்த வைகாசி வரைக்கும் செல்லும்."

முப்பத்து மூன்று நிமிடம் ஆயிற்று.

திரும்பி வந்ததும் நிறுத்தத்தில் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, ஆனியில் ஆபரேஷனுக்குப் போவதாக ரக்ஷனா சொன்னாள். யாரும் கோபப்படவில்லை. பிரணவின் மனைவி தியா, "போய்ட்டு வாக்கா," என்றாள். மற்றவர்கள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கலைந்தார்கள்.

ஆவணியில் அவள் நடந்தாள். புரட்டாசியில் கோல் இல்லாமல் நடந்தாள். ஒருநாள் நெடுஞ்சாலை நிறுத்தம்வரை தனியாகப் போய்ப் பார்த்தாள். பதினாறு நிமிடம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷம்தான். குடம் இப்போது வாசலில் காலியாகக் கிடந்தது, அவளே தூக்கினாள். அதிலும் சந்தோஷம்தான்.

கழிமேட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பேசும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்த்தார்கள். மாடிப்படி இறங்குபவரை, குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளை, சற்றே சாய்ந்து நிற்பவனை. அடுத்தது யார்?

தை மாதக் கடைசியில் தெருவில் ஆரவாரம் கேட்டு ரக்ஷனா வெளியே வந்தாள். கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நாலைந்து பேர். நடுவில் பிரணவ், வலது குதிகாலில் துணி சுற்றியபடி.

"இருவத்தி நாலு நிமிசம்கா!" என்றான். "ஒன் ரெக்கார்ட ஒடச்சிருவேன் பாரு."

"காலுக்கு இன்னாடா?"

"சிப்பி கிழிச்சிருச்சு. சக்கரை உடம்பா, ஆறல."

"எப்போ?"

"கார்த்திகைல."

அவனைத் திண்டில் உட்காரவைத்துத் துணியை அவிழ்த்தாள். நாற்றம் முதலில் வந்தது. புண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. கைபேசி வைத்திருந்தவர்கள் சற்று விலகி நின்றார்கள்.

"டாக்டர் பாத்தாரா?"

பிரணவ் சிரிக்க முயன்றான். தியாதான் பதில் சொன்னாள். "நான் தெனம் கூப்பிடறேன்கா. வைகாசி தாண்டட்டும்ங்கிறாரு. நாலு மாசம்தான, தாங்கிக்கோன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. ராத்திரிக்கு நண்டு கொண்டாந்து குட்க்கறாங்க."

ரக்ஷனா தெருவைப் பார்த்தாள். எல்லோரும் நல்லவர்கள். ஆறு ஆண்டுகள் அவளுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள். இந்த நிறுத்தம் போனால் விடியலில் மீன்கூடையோடு இருட்டில் நடக்கப்போகிறவர்கள். அவளும்தான்.

"கால் போயிட்டா வாசலுக்கு வண்டி வரும்டா. ஒனக்கு மட்டும் வரும்," என்றாள். "அப்புறம் ஒன்ன எண்ண மாட்டாங்க."

பிரணவ் தன் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கருப்பை இப்போதுதான் பார்க்கிறவன்போல.

"அதெல்லாம் இல்லக்கா," என்ற ஒருவர் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கழியோர வளைவில் பேருந்தின் மணி ஒலித்தது. ரக்ஷனா அவன் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். மறுபக்கம் தியா பிடித்துக்கொண்டாள்.

"வா," என்றாள் ரக்ஷனா. "பஸ்ஸு இருக்கறப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துரலாம்."