வீணாகாத சூடு

காலையிலிருந்து எஞ்சின் ஓடவில்லை. ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் சுட்டது.

குடும்பத்தோடு குடியிருந்த அந்தப் படகின் சொந்தக்காரருக்குப் படகுத்துறையில் 'புரொபசர்' என்று பெயர். அவர் பாடம் எடுக்காத ஆளும் கிடையாது, அதைக் கேட்டு முடித்த ஆளும் கிடையாது. எஞ்சின் புகையோடு போகும் சூடு அநியாயமாக வீணாகிறதே என்று மாதக்கணக்கில் வெந்து நொந்து, புகைக்குழாயைச் சுற்றிச் செம்புக்குழாயைச் சுருட்டி, அதைத் தண்ணீர் டாங்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஓசியில் வெந்நீர். அதோடு நின்றாரா என்றால், அதுதான் இல்லை. விளக்குச் சூடு, அடுப்புச் சூடு எதையும் விடக்கூடாதென்று செம்பை நீட்டிக்கொண்டே போனார். நேற்று அது மனைவியின் கட்டிலடிக்கு வந்து சேர்ந்தது.

"மாமா, அப்படியே நாங்க விடற பெருமூச்சுக்கும் ஒரு குழாய் போட்டுடுங்க" என்றான் படகை ஓட்டும் மைத்துனன்.

"நக்கலா? மனுஷ உடம்பும் ஒரு எஞ்சின்தான்டா. ராத்திரி பூரா எவ்வளவு சூடு வீணாப் போகுது தெரியுமா?"

"தெரியாது மாமா. நான் தூங்கிடுவேன்."

அந்த மைத்துனன்தான் காலையில் எஞ்சினின் பம்ப் பழுதானதும், புதிது வாங்கிவரச் சின்னப் படகில் கரைக்குப் போனான். அவன் போன பிறகு மூடுபனி இறங்கியது. பகல்தான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே ஆறும் இல்லை, கரையும் இல்லை. பழைய டீசல் வாடையும், பலகைகள் ஒன்றோடொன்று முனகும் சத்தமும், அடியில் தண்ணீர் நக்கிக்கொண்டிருக்கும் சத்தமும் மட்டும் இருந்தன.

"எஞ்சின் நின்னு எவ்வளவு நேரமாச்சு! இன்னும் சூடு நிக்குது பாத்தியா?" என்று புரொபசர் தடுப்புப் பலகையைப் பார்த்துக் கூவினார்.

அந்தப் பக்கம் படுத்திருந்த மனைவி, தூக்கம் கலைந்த குரலில் சொன்னாள்: "அதுல கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்புங்க, விஞ்ஞானி சார். எனக்கு ரொம்பக் குளிருது."

ரப்பர் பையில் வெந்நீர் பிடித்துத் துண்டில் சுற்றி அவள் பாதத்தடியில் வைத்தார். பாதம் சில்லென்றிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடி கூப்பிட்டாள். பையைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் ஆறிப்போயிருந்தது.

மறுபடி பிடித்தார். இந்த முறை தண்ணீர் இன்னும் சுட்டது. தமது அறிவை நினைத்து அவருக்கே புல்லரித்தது. குழாயைத் திறந்தபோது தடுப்புக்கு அப்பால் அவள் மூச்சை இழுப்பது கேட்டது, மூடியதும் நின்றது. காய்ச்சல் நடுக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"என்னங்க..."

"இதோ வந்துட்டேன்மா."

"சீக்கிரம். பல்லு கிட்டுது."

மூன்றாவது தடவை குழாயிலிருந்து ஆவி வந்தது. விரல் பொத்துப்போயிற்று. அப்போதுதான் அவர் புகைக்குழாயில் கை வைத்துப் பார்த்தார். சில்லிட்ட இரும்பு. அதன்மேல் பனி முத்து முத்தாக நின்றது. விளக்குப் பக்கத்துச் செம்பு குளிர்ந்திருந்தது. அடுப்புப் பக்கத்துச் செம்பும் அப்படித்தான். உள்ளங்கையால் குழாயைத் தடவிக்கொண்டே நடந்தார். தடுப்பை நெருங்க நெருங்க வெதுவெதுப்பு. பிறகு சூடு. பிறகு கை வைக்க முடியவில்லை.

குழாய் பலகைக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் கட்டில்.

ஓடினார்.

அவள் உதடு நீலம். இமை மயிரில் வெள்ளைப் பூச்சு. "இன்னும் கொஞ்சம்... சுடுதண்ணி" என்றாள். அந்தக் குளிரிலும் அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

அள்ளித் தூக்கினார். பலகைபோல வந்தாள். டாங்க் இருக்கும் அறைக்குக் கொண்டுபோய்த் தரையில் கிடத்தி, போர்வையைச் சுற்றி, கையைத் தேய்த்தார். காலைத் தேய்த்தார். ஒன்றும் ஏறவில்லை. ரம்பத்தை எடுத்துச் செம்பின்மேல் வைத்தார்.

வைத்தபடியே நின்றார். அறுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆற்றோடு போய்விடும்.

டாங்கின்மேல் காது வைத்தார். துடித்தது. மெதுவாக, சீராக. அவர் கை பட்ட இடத்தில் தகரம் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்து எழுந்தது.

கையை எடுத்தார். புள்ளிகள் அடங்கின. மறுபடி வைத்தார்.

டாங்க் ஆறிக்கொண்டிருந்தது.

அடுப்பில் எண்ணெய் இல்லை. எஞ்சின் இல்லை. துடிப்பு தளர்ந்தது. தரையில் கிடந்தவளைப் பார்த்தார். டாங்கைப் பார்த்தார். குனிந்து, அவள்மேலிருந்த போர்வையை உருவினார்.

வெளியே பனிக்குள் துடுப்புச் சத்தம். "அக்கா! பம்ப் கிடைச்சிடுச்சு! அக்கோவ்!"

போர்த்திய தகரம் அந்தக் குரலுக்கு ஒருமுறை அதிர்ந்தது. தரையில் திறந்திருந்த கண்களின்மேல் உறைபனி மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.

"கத்தாதடா" என்றார் புரொபசர், டாங்கை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, அதன்மேல் கன்னத்தை வைத்தபடி. "இப்பதான் அவளுக்குக் கொஞ்சம் குளிர் விட்டிருக்கு."