கோடு போட்ட சட்டைக்காரன்

"ஹலோ... எங்கே ஓடறீங்க? நில்லுங்க!"

மழையில் நனைந்தபடி கேட்டை நோக்கி விரைந்தவனின் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள் செலின். நீலக்கோடு போட்ட ஆஸ்பத்திரிச் சட்டை. சந்தேகமே இல்லை... ஆண்கள் வார்டிலிருந்து நழுவி வந்த ஆள்தான்!

அவன் திரும்பினான். அடடா, என்ன கண்கள்! மழைத்துளி தங்கிய இமைகளுக்குள்ளே பெரிய பயம் ஒன்று இருந்தது.

தாழ்வாரத்து பெஞ்சில் அவனை உட்கார வைத்தாள். "முதல் வாரம் அப்படித்தான்... ஓடிடலாம்னு தோணும். சோறு இறங்காது. அப்புறம் ஒருநாள் காலையில காபி வாசனை நல்லா இருக்கும். அன்னிக்கே பாதி தேறிட்டீங்கன்னு அர்த்தம்."

"ஹௌதா... அப்படியா?" என்றான் கன்னடம் கலந்து. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானே இங்க பதினோரு வாரம் இருந்தவ. மூணு வருஷமாச்சு. இப்போ டீச்சர். சனிக்கிழமை வந்து புதுசா சேர்ந்தவங்களோட உட்கார்ந்து பேசறேன். டாக்டரே கூப்பிட்டாரு."

வாட்ச்மேன் வேலாயுதம் வெள்ளைச் சட்டையும் கையுமாக ஓடி வந்தார். "சார்! நனைஞ்ச சட்டை காயறதுக்குள்ள இரவல் சட்டையோட கிளம்பிட்டீங்களே! தங்கச்சியைப் பார்க்கலையா?"

செலினின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. ஐயோ... வெளியாளிடமா உளறினாள்? அந்தப் பதினோரு வாரமும் கோலாரில் சித்தி வீட்டில் இருந்ததாகத்தான் அம்மா மெட்டில்டா மைசூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சே எழாதாம்!

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க பேச விட்டாத்தானே?" சிரித்தவன் சட்டென்று தலை குனிந்தான். "ஆனா சரியாத்தான் பிடிச்சீங்க. தங்கச்சி மோலி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாம ஓடிட்டுதான் இருந்தேன்."

அவன் பெயர் மரியராஜ், ரயில்வே குமாஸ்தா. அன்று தங்கை பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனான். அடுத்த சனிக்கிழமை வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும்... செலின் மோலிக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கண்கள் சந்திக்கும், உடனே விலகும். பாழாய்ப்போன நெஞ்சு, அடித்துக்கொள்ளும்!

கிறிஸ்துமஸுக்கு முன்பே மோலி தேறி வீடு திரும்பினாள். ஜனவரியில் மரியராஜ் அம்மாவோடும் மோலியோடும் செலினைப் பெண் பார்க்க வந்தான்.

"எங்க செலின் கொஞ்ச நாள் கோலார்ல சித்தி வீட்டுல இருந்தா," என்றாள் மெட்டில்டா.

"எங்க மோலியும் ஹாசன்ல மாமா வீட்டுல இருந்துட்டு இப்பத்தான் வந்தா," என்றாள் மரியராஜின் தாய் அஞ்சலை. ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காதவள் அவள்.

செலின் மரியராஜைப் பார்த்தாள். இவன் வீட்டில் எதுவுமே சொல்லவில்லையா? அவன் கண்கள் தரையில் இருந்தன. பாவி... மறுபடியும் ஓடுகிறான்!

"பொண்ணு சனிக்கிழமை எங்கேயோ போவாளாமே? கல்யாணத்துக்கப்புறம் அதெல்லாம் வேணாம்மா," என்றாள் அஞ்சலை.

செலின் காபித் தட்டைக் கீழே வைத்தாள். கல்யாணம் போனால் போகட்டும்!

"மன்னிச்சிடுங்க, என்னால நிறுத்த முடியாது. நான் கோலாருக்குப் போகலை. மனநோய் ஆஸ்பத்திரியில இருந்தேன். இப்பவும் சனிக்கிழமை அங்கேதான் போறேன்... மத்தவங்களுக்குத் துணையா."

மோலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோலிதான் எழுந்தாள். "அம்மா, எனக்குச் சோறு ஊட்டினது இவங்கதான். ஹாசன்ல இல்லை... அங்கே."

மெட்டில்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். அஞ்சலை மகளையே பார்த்திருந்தாள். பிறகு செலினின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நான் பெத்தவ... செய்ய வேண்டியதை நீ செஞ்சியா, கண்ணு?"

மரியராஜ் எழுந்து நேரே செலின் முன் வந்து நின்றான்.

"அம்மாகிட்ட நான்தான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். ஆனா செலின்... அன்னிக்கு நீங்க பிடிச்ச நிமிஷத்துலேர்ந்து உங்களைத்தான் நேசிக்கறேன். சனிக்கிழமை நானும் வரேன்... கேட் பக்கமா நிக்கறேன். என்னை மாதிரி ஓடற அண்ணன்களைப் பிடிக்க ஆள் வேணாமா?"

செலினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தனை பேர் பார்க்க, அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள்.

"இனி விடமாட்டேன்," என்றாள்.