எடுத்ததை மட்டும் கேள்

மேசை விளிம்பிலிருந்து பென்சில் பெட்டி விழுந்தது. சத்தம் வரவில்லை.

தகரப் பெட்டி. மூடி திறந்து பென்சில்களும் அழிப்பானும் சீவிய தூளும் தரை முழுக்கச் சிதறின. வாலு நாக்கைக் கடித்துக்கொண்டு, திட்டு விழுமா என்று அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடேயப்பா, என்ன ஹெட்போன் இது, காலடியில் தகரம் விழுந்தால்கூடத் தெரியவில்லையே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே, அதைக் கழற்றக் காதருகே கையைக் கொண்டுபோனான். காதில் ஒன்றும் இல்லை. சாப்பிட எழுந்தபோதே கழற்றி வைத்தது, மேசைமேல் சின்னப் பச்சை விளக்கு மினுங்கக் கிடந்தது.

காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள் என்பதால் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மனைவி மருத்துவமனைக்குப் பகல் டியூட்டி போயிருந்தாள். வெளியே மழை, காலையிலிருந்தே விடாத மழை. ஜன்னல் தகட்டில் அது விழுவதும், குழாய்க்குள் இறங்குவதும், அடுக்களையில் ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டு நிற்பதும் ஒவ்வொன்றாக அவன் காதுக்கு வந்துகொண்டிருந்தன. அப்படியானால் காதில் கோளாறு இல்லை. பென்சில் பெட்டிதான் ஏதோ மெத்தென்று விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டான்.

காதுதான் அவனுக்குச் சோறு போடுகிறது. ஒலி சுத்தம் செய்கிற வேலை. பேட்டி எடுப்பவர்கள், வகுப்பு நடத்துபவர்கள் என்று பலரும் பதிவுகளை அனுப்புவார்கள். ஏசியின் முனகலையும் தெருவின் ஹாரனையும் சலித்தெடுத்துவிட்டுக் குரலை மட்டும் திருப்பி அனுப்புவான். வேலையில் கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புதுசாக ஒரு கருவி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் மனுஷனுக்குக் கை அரிக்கும். தூக்கத்தை அளக்கிற கைக்கடிகாரம், கழுத்தைப் பிடித்துவிடுகிற பட்டை, முட்டை வேகவைக்க மட்டுமே தெரிந்த ஒரு பாத்திரம், கட்டிலுக்கடியில் போய் மாட்டிக்கொண்டு அழுகிற பெருக்கும் இயந்திரம். அந்தப் பெருக்கும் இயந்திரத்துக்கு 'நம்ம மூத்த பையன்' என்று மனைவி பெயர் வைத்திருந்தாள். அதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்.

போன மாதம் அவள் சிரிக்கவில்லை. வேலைக்குப் போகும் உடையில், வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள்.

"இனிமே ஒரு டப்பா இந்தப் படி ஏறினா, நானும் வாலுவும் இறங்கிடுவோம். சும்மா சொல்லல."

அவன் பதறிப்போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யப் போனான். அவள் பாய்ந்து வந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள். பிள்ளை தலையில் வேண்டாம், உங்களை எனக்குத் தெரியும் என்றாள். கை பட்டதா படவில்லையா, சத்தியம் ஆனதா ஆகவில்லையா என்று அவனுக்கே தெளிவில்லை. ஆகவில்லை என்று வைத்துக்கொண்டான். அப்படி வைத்துக்கொள்வதுதான் வசதியாக இருந்தது.

ஹெட்போன் விஷயம் வேறு, அது வேலைக்கு. எதிர்க் கட்டடத்தில் சுவரில் துளைபோட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்த மனுஷன் வேலை செய்வான்? இந்தக் கருவி, பிடிக்காத சத்தத்தை ஒருமுறை கேட்டுப் பழகிக்கொண்டால் பிறகு அதை உங்கள் காதுக்கு விடவே விடாது என்று விளம்பரத்தில் பார்த்தான். பார்த்த இரவெல்லாம் தூக்கமில்லை. சார்ஜர் தனியாக வாங்க வேண்டும் என்று போட்டிருந்தது. வீட்டில் இல்லாத சார்ஜரா என்று அதை ஒதுக்கிவிட்டான்.

இன்று காலை, மனைவி தெருமுனை திரும்பியதும் டப்பா வந்து சேர்ந்தது. வாலுவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். இது நம்ம ரெண்டு பேர் ரகசியம், அம்மாவுக்குத் தெரியக் கூடாது, மூச்சு விடக் கூடாது என்றான். அவள் உதட்டில் விரல் வைத்துத் தலையாட்டினாள். டப்பாவுக்குள் இருந்த குமிழ்த்தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, போனில் ஆப்பைத் திறந்தான். நீக்க வேண்டிய சத்தத்தை ஒலிக்க விடுங்கள் என்றது ஒரு பெண்குரல், குழைவாக. அவன் ஜன்னலைத் திறந்து வைத்தான். அளவை எவ்வளவு வைக்க என்று கேட்டது. கடைசிவரை தள்ளினான். அப்படித் தள்ளக் கூடாது என்று மற்றவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன்தான். முழுசாகத் தேய்த்தால் அழுக்கோடு தோலும் உரிந்து வரும் என்பான். ஆனால் புதுக்கருவி கையில் இருக்கும்போது யாருக்குப் பாடம் நினைவு வருகிறது?

துளைபோடும் சத்தம். அந்த நினைப்பு வந்ததும் அவன் மெதுவாக எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

எதிரே மழைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஒருவர் துளைக்கருவியைச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் அதிர்ந்தன. செங்கல் தூள் கொட்டியது. தார்ப்பாயில் விழும் மழை கேட்டது. கருவி கேட்கவில்லை.

ஹெட்போன் மேசைமேல்தான் கிடந்தது.

கற்றுக்கொடுத்ததை அது காதிலிருந்தே எடுத்துவிட்டது. சரி, துளைச்சத்தம் போனால் போகட்டும். பென்சில் பெட்டி ஏன் போனது? அதை யார் கற்றுக்கொடுத்தது?

பிறகு ஞாபகம் வந்தது. நீக்க வேண்டிய இரைச்சலைச் சாம்பிள் எடுக்கும்போது அறையில் மனுஷக்குரல் இருக்கக் கூடாது. அவன் தொழிலில் முதல் பாடம் அதுதான். இரைச்சலோடு குரலும் சேர்ந்து பதிந்தால், கருவிக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரியாது. எல்லாம் குப்பை என்று எடுத்துக்கொள்ளும். காலையில் ஜன்னலைத் திறந்து வைத்து அவன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மேசைக்கடியில் உட்கார்ந்து வாலு குமிழ்த்தாளைப் பட்பட்டென்று உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்தபடியே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது அவன் காதில் விழுந்தது. கேட்டும், புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மிதப்பில் கண்டுகொள்ளவில்லை. அவள் எழுப்புகிற எல்லாச் சத்தமும் குப்பைக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

திரும்பினான். வாலு அவனுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. ஒரு பென்சிலைக் காட்டி எதையோ கேட்டாள். கழுத்து நரம்பு எழும்பி இறங்கியது.

ஒன்றும் கேட்கவில்லை.

"வாலு, சத்தமாப் பேசு. கத்து. அப்பாவுக்குக் கேக்கல, கத்துடா கண்ணு."

அவள் மிரண்டு பார்த்தாள். அவன் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான். அவள் முகம் கோணியது, வாய் பிளந்தது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அறையில் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. அவளை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தேம்பல் அவன் விலா எலும்பில் அடித்தது. காய்ச்சல் மருந்தின் இனிப்பு மணம், சோப்பு மணம், வியர்வை. எல்லாம் இருந்தது. மகள் இருந்தாள். அழுகை மட்டும் இல்லை.

ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மறுகையால் ஆப்பைத் திறந்தான். அழி என்று ஒரு பொத்தானைத் தேடினான். எங்கும் இல்லை. கற்றதை நீக்கு என்று கேட்டான். கெஞ்சினான்.

"கற்றதை மறக்கும் வசதி எங்கள் அடுத்த மாடலில் உண்டு," என்றது குழைவான குரல். "வாங்கலாமா?"

திரையில் படம் வந்தது. கறுப்பு, மெல்லிய பட்டை, காதுப்பக்கம் வெண்கல நிறத்தில் ஒரு வளையம். மகள் சத்தமில்லாமல் தோளில் அழுதுகொண்டிருந்தபோது, அழகாக இருக்கிறதே என்று நினைத்தான். ஈரக்குலை நடுங்குகிற நேரத்திலும் அந்த நினைப்பு வந்தது. வந்ததும் தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டைவிரல் அதற்குள் அழுத்திவிட்டது. நாளை காலை வந்து சேரும் என்றது குரல்.

நாளை காலை. இன்று சாயங்காலம் மனைவி வந்துவிடுவாள்.

வாலுவை நாற்காலியில் உட்காரவைத்து மைக்கை முன்னால் வைத்தான். ஒரு கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, கணினியில் பதிவைத் தொடங்கினான். பேசு என்று சைகை காட்டினான். திரையில் பச்சைக்கோடு நடுங்கி எழுந்தது. அவனுக்கு உயிர் வந்தது. குரல் உலகத்தில் இருக்கிறது, அவனுக்குத்தான் கேட்கவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் அவனுக்குச் சில சொற்களைக் கேட்காமல் பார்த்தே படிக்கத் தெரியும். முதலில் ஒரு சின்ன மேடு. பிறகு உதடு மூடி நிற்கிற ஒரு குட்டி மௌனம். பிறகு பெரிய மேடு. புதுசாக வேலைக்கு வருகிறவர்கள் அந்த மௌனத்தை வெற்றிடம் என்று வெட்டிவிடுவார்கள், அவன் வெட்ட விடமாட்டான். அது இல்லாவிட்டால் சொல்லே இல்லை.

அப்பா. அப்பா. அப்பா. திரை முழுக்க அதுவே ஓடியது.

"இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

நாற்காலியில் யாரும் இல்லை.

அவன் கை இன்னும் எதையோ பிடித்திருந்தது. சின்ன விரல்கள், சூடாக. கண்ணுக்கு நாற்காலியின் கைப்பிடியும் அதற்கப்பால் சுவரும்தான் தெரிந்தன. சுவரில் வாலு கிறுக்கிய யானை இல்லை. தரையில் பென்சில்கள் இல்லை. அறை சுத்தமாக இருந்தது. அவன் வேலை முடித்து அனுப்புகிற பதிவைப்போல.

திரையில் மேடுகள் உயர்ந்தன. அப்பா. அப்பா. அவள் அலறுகிறாள். பக்கத்தில்தான். விரல்களை இறுக்கிப் பிடித்தான். பிடித்துக்கொண்டே இருந்தான். எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை. பார்த்தபோது தன் உள்ளங்கையைத் தானே நகம் பதிய அழுத்திக்கொண்டிருந்தான்.

பச்சைக்கோடு படுத்துவிட்டது.

கட்டிலுக்கடியில் தேடினான். குளியலறை. அலமாரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மழை தணிந்து, இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்.

சுத்தம் செய்கிறவர்கள் கடைசியில் செய்கிற ஒரு காரியம் உண்டு. எடுத்ததை மட்டும் கேட்டுப் பார்ப்பார்கள். வேண்டாத சத்தத்தோடு வேண்டியது ஏதாவது தெரியாமல் போயிருக்கிறதா என்று பார்க்க. ஆப்பைத் துழாவினான். இருந்தது. எடுத்ததை மட்டும் கேள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுத்தினான்.

துளைபோடும் சத்தம். குமிழ்கள் பட்பட்டென்று உடைந்தன. தகரம் விழுந்தது. பிறகு,

"அப்பா?"

அவன் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். வாய்விட்டு அழுதான். பயப்படாதே, அப்பா வந்துட்டேன் என்றான்.

"நீ ஏன்பா என்னப் பாக்கவே மாட்டேங்கற? இங்க இருட்டா இருக்கு."

எங்க இருக்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா என்று கேட்டான். அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ சலசலத்தது. பள்ளிக்கூட வராந்தாவைப்போல. நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல.

"நெறய பசங்க இருக்காங்க," என்றாள். "அவங்க அப்பாவும் பேசுனாங்களாம். அப்புறம் சார்ஜ் தீந்துடுச்சாம்."

காதுக்குள் குழைவான குரல் குறுக்கிட்டது. பேட்டரி குறைவாக உள்ளது.

அவன் கீழ் இழுப்பறையை உருவித் தரையில் கவிழ்த்தான். வருஷக்கணக்காகச் சேர்ந்த சார்ஜர்கள். கறுப்பு, வெள்ளை, சுருண்டது, முறுக்கிக்கொண்டது. கைக்கடிகாரத்துக்கு வந்தது, கழுத்துப் பட்டைக்கு வந்தது, எதற்கென்றே தெரியாதது. ஹெட்போனின் ஓட்டை முக்கோணமாக இருந்தது. முதல் வயர் நுழையவில்லை. அடுத்தது. அடுத்தது. பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது.

"அப்பா, பேசிக்கிட்டே இரு."

பேசினான். என்ன பேசினான் என்று தெரியாது. அம்மா வந்துருவா, நாளைக்குப் புதுசு வந்துரும், காலைல எல்லாம் சரியாயிடும். வயரைப் பல்லால் கடித்துக் கூர்மையாக்கிச் சொருகினான். உதட்டில் ரத்தம். நுழையவில்லை. எதுவும் நுழையவில்லை.

"அவங்க கையப் புடிக்கிறாங்கப்பா."

யாரு? யாருடா?

வாசல் கதவில் சாவி திரும்பியதை அவன் கேட்கவில்லை. நிழல் விழுந்ததும்தான் பார்த்தான். மனைவி நின்றுகொண்டிருந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வயர்க் குவியலைப் பார்த்தாள். பிரித்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வாலு எங்கே என்று அவள் உதடு கேட்டது.

உங்கள் புதிய மாடல் நாளை காலை வந்து சேரும் என்றது குழைவான குரல்.

அதற்குப் பின்னாலிருந்து, தூரத்திலிருந்து, அவன் மகள் கூப்பிட்டாள்.

"அப்..."

உதடு மூடி நிற்கிற அந்தக் குட்டி மௌனம்.

சிவப்பு விளக்கு அணைந்தது. மனைவி குடையைப் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள், வாய் பிளந்து எதையோ கத்தினாள். அவன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, ரத்தம் வழியும் உதடுகளைக் குவித்து, சத்தம் போடாதே என்று அவளிடம் தலையாட்டினான். இன்னும் முடியவில்லை. பாதிதான் சொல்லியிருக்கிறாள். மீதி வரும்.