சின்ன ஸ்வரங்கள்

புல்லாங்குழலுக்கான இசைத்தாளில், நாற்பதாவது தாளக்கட்டத்தில், யாரும் எழுதாத மூன்று சின்ன ஸ்வரங்கள் இருந்தன.

இசைக்குழுவின் தாள்களில் பிழை பார்க்கும் தோமோயே சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தாள். நெடுநேரம் வாசிக்காமல் காத்திருக்கும் கலைஞர் சரியான இடத்தில் நுழைவதற்காக, அதற்குச் சற்று முன் இன்னொருவர் வாசிப்பதைப் பொடி எழுத்தில் காட்டுவது வழக்கம்தான். வாசிப்பது யார் என்று மேலே பெயரும் இருக்கும். இங்கே பெயர் இல்லை. எல்லாக் கருவிகளும் சேர்ந்த முழு ஸ்கோரைப் புரட்டினாள். நாற்பதாவது கட்டத்தில் மொத்த இசைக்குழுவும் மௌனம்.

நாளை மதியம் கச்சேரி. இலையுதிர்காலத்தில் இறந்துபோன இசையமைப்பாளர் ஓகிதாவின் கடைசிப் படைப்பு. பதினொரு வருஷத்துக்கு முன், தாளில் அவள் கவனிக்காமல் விட்ட ஒரு பிழையால், அவருடைய படைப்பின் அரங்கேற்றத்தில் ஊதுகொம்பு ஒரு கட்டம் முந்தி நுழைந்து மானத்தை வாங்கியது. அதன்பிறகு அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறை ஒரு புள்ளிகூடத் தப்பக் கூடாது. வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க யாருமில்லை, எவ்வளவு நேரமானாலும் இருப்பாள்.

காவலாளி ஹிராயாமா கதவருகே கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"தோமோயே-சான், பனி கொட்டுது, நான் கிளம்பறேன். நீங்க இந்தத் தாளையே கட்டிக்கிட்டீங்க போல."

"ஆமா. இதாவது எதிர்த்துப் பேசாது."

அவர் சிரித்தார். "உங்ககூட இருக்கறவர்கிட்டயும் சொல்லிடுங்க, போறப்ப வாசக்கதவ இழுத்துச் சாத்தணும்."

"எங்கூட யாரு?"

"வராந்தாவுல ஒருத்தர் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டிருந்தாரே." படியிறங்கிப் போய்விட்டார்.

மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும், மேசையில் உரித்துப் போட்டிருந்த ஆரஞ்சுத் தோலின் மணமும், ஜன்னலுக்கு வெளியே மாட்சுமோதோ நகரத்தின் சத்தத்தையெல்லாம் மூடிக்கொண்டு விழும் பனியும், மங்கிவரும் மாலை வெளிச்சமும் தவிர அந்தக் கட்டடத்தில் வேறொன்றும் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயமாக இருந்தது. அடுத்த தாளை எடுத்தாள். செல்லோ. அதே மூன்று ஸ்வரங்கள். டிரம்பெட். அதே மூன்று. இப்போது மேலே பெயரும் இருந்தது.

'வராந்தா' என்று.

அறுபத்திரண்டு பேருக்கு அறுபத்திரண்டு தாள்கள். அடுக்கின் அடியில் இன்னொன்று கிடந்தது. அச்சல்ல, மை, ஓகிதாவின் சாய்ந்த கையெழுத்து. கருவியின் பெயர் எழுதும் இடத்தில் 'தோமோயே' என்றிருந்தது.

நாற்பது கட்டம் மௌனம். கடைசியில் அந்தச் சின்ன ஸ்வரங்கள். பிறகு அவளுக்கென்று ஒரே ஒரு ஸ்வரம். அதன் தலைமேல் அரைவட்டமும் புள்ளியும். நடத்துபவர் கையை இறக்கும்வரை நிறுத்தாதே என்று அதற்கு அர்த்தம்.

வராந்தாவில் யாரோ தாழ்ந்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு. இருபத்தேழு.

தன் உதடுகளும் அசைவதை அப்போதுதான் உணர்ந்தாள். மௌனத்தைக் கண்டால் எண்ணுவது முப்பது வருஷப் பழக்கம். எழுந்து ஓடலாம். கோட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஆனால் நடுவில் விட்டால் ஒரு கட்டம் பிசகும். மறுபடியும். அவருடைய படைப்பில்.

முப்பத்தெட்டு.

அடுப்பு அணைந்தது.

முப்பத்தொன்பது.

கதவு திறந்தது.

நாற்பது. மூன்று ஸ்வரங்கள், பதினொரு வருஷமாகக் கேட்காத குரலில்.

அவள் வாய் திறந்தது. சரியான இடத்தில். அந்த ஸ்வரம் வந்தது.

மூச்சு தீர்ந்தது. ஸ்வரம் நிற்கவில்லை.

கதவருகே இருட்டில், விரலெல்லாம் மைக்கறையோடு ஒரு கை உயர்ந்து நின்றது.

அது இறங்கவில்லை.