மிஸ்ஸிங்

ஓசூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சிக்னலில் சசிதரனின் வண்டி மறுபடியும் மிஸ்ஸிங் அடித்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை, நின்றால்தான் வந்தது வினை. ஏழு பேர் உட்காரும் அவ்வளவு பெரிய வண்டி காய்ச்சல்காரனைப் போல உதறியது. பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி ஒருமுறை பார்த்தார். பிறகு நாகரிகமாக ஏற்றிக்கொண்டார்.

"அவரு பாத்துட்டாருங்க," என்றாள் ரேணுகா.

"பாக்கட்டும். காயில் வீக்கா இருக்கும்," என்றான் சசிதரன்.

பின்னிருக்கையில் அவர்களுடைய மகள் நறுமுகை, மெத்தைச் சுருளுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். நாமக்கல்லில் ஒரு பயிற்சி விடுதியில் அவளைச் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு வருடம் தங்கிப் படித்துவிட்டு வந்தவள்தான். மதிப்பெண் போதவில்லை. அதனால் இன்னொரு வருடம்.

மின்வண்டிகள் வந்த புதிதில் அவற்றின் மௌனம் யாருக்கும் ஒத்துவரவில்லை. குழந்தைகள் தூங்கவில்லை. பெரியவர்களுக்கு ஒருவர் பெருமூச்சு இன்னொருவர் காதில் விழுந்து சண்டை வந்தது. அதன் பிறகுதான் ஹைட்ரஜன் எஞ்சினும் அதோடு தாலாட்டி என்ற கருவியும் வந்தன. இருக்கை ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு நாடியுணரி உண்டு. உட்கார்ந்திருப்பவரின் நாடியையும் மூச்சையும் அது எடுத்து அனுப்பும். தாலாட்டி அதற்குத் தகுந்தபடி எஞ்சினின் துடிப்பைத் திருத்தும். எல்லோரும் நிம்மதியாக இருந்தால் எஞ்சின் ஓடுவதே தெரியாது. ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால், அவருக்கென்று ஒரு தாளத்தைத் தேடும். அது எஞ்சினின் இயல்பான தாளத்தோடு முட்டிக்கொள்ளும், வண்டி உதறும். இதைக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் சொல்லவில்லை. ஊர் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

கண்டுபிடித்த ஊர் சும்மா இருக்குமா? சம்பந்தம் பேச வந்தவர்கள் முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். ஓடும் எஞ்சினுக்கு மேலே, பானெட்டில், பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசை விளிம்பில் நிறுத்துவார்கள். காசு நின்றால் நல்ல குடும்பம். விழுந்தால் காபியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 'அவங்க வீட்டு வண்டி மிஸ்ஸிங் அடிக்குதாம்' என்றால் அது வண்டியைப் பற்றிய பேச்சு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தன் வீட்டு வண்டி அடித்தால் மட்டும் அது எஞ்சின் கோளாறு.

சசிதரனும் அப்படித்தான் நம்பினான், அதுவும் மனப்பூர்வமாக. பிரேக் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். ஒரு வாரமாகக் கை சும்மா இருக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். காற்றுக் குழாயில் எங்காவது கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா பார்த்தான். ஒரு சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் காயிலைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினான். கோளாறு காயிலோடு இடம் மாறினால் காயில் கெட்டது என்று அர்த்தம். மாறவில்லை. விடுதி வாசலில், அத்தனை பெற்றோர் முன்னால் இப்படி உதறினால் மானம் போய்விடுமே. பைபாஸில் மெக்கானிக் முனிராஜின் பட்டறையைப் பார்த்ததும் வண்டியை உள்ளே விட்டான்.

முனிராஜ் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே பிழைகாட்டியைச் சொருகினான். பச்சை விளக்குதான் எரிந்தது.

"வண்டி சுத்தமா இருக்கு சார். ஆளை மாத்திப் பாத்தீங்களா?"

"ஆளையா?"

"காயில மாத்திப் பாத்தேன்னு சொன்னீங்கல்ல. அதே மாதிரிதான். மேடம், நீங்க எறங்குங்க."

ரேணுகா இறங்கினாள். வண்டி உதறியது. அவள் ஏறிக்கொண்டாள், நறுமுகை இறங்கினாள். எஞ்சினின் உதறல் சட்டென்று அடங்கியது. நறுமுகையை முன்னால் உட்காரவைத்து ரேணுகாவைப் பின்னால் அனுப்பினான் முனிராஜ். மகளோடு சேர்ந்து நடுக்கமும் முன்னிருக்கைக்கு வந்து சேர்ந்தது.

முனிராஜ் போனில் யாரிடமோ ஆயில் விலையைப் பேசிக்கொண்டு நகர்ந்துவிட்டான். இந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவது?" என்றான் சசிதரன்.

"ஒண்ணும் இல்லப்பா."

"ஹாஸ்டலுக்குப் போறதுல உனக்கு இஷ்டம்தான?"

"சரிப்பா."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ரேணுகாவுக்குப் புரிந்தது. விடுமுறையில் வீட்டுக்கு வந்ததிலிருந்து மகள் சாப்பிடும் விதமும் அவளுக்கு நினைவில் இருந்தது. மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பது போல, தட்டைப் பார்த்துக்கொண்டே அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வாள். ரேணுகா கணவனைப் பார்த்தாள். அவன் தள்ளி நின்ற முனிராஜைப் பார்த்தான்.

"இதுக்கு என்ன பண்றது?"

"தினம் நாலு வண்டி இப்படித்தான் வருது சார். பாப்பா உக்கார்ற சீட்டுக்கடியில மஞ்சளா ஒரு பிளக் இருக்கும். பிடுங்கி விட்டுட்டா அந்த சீட்டு கணக்குலயே வராது. வண்டி ஜம்முனு நிக்கும்."

"பாதகம் ஒண்ணும் இல்லியே?"

"வண்டிக்கு ஒரு பாதகமும் இல்ல."

நறுமுகை பின்னிருக்கைக்குப் போனாள். முனிராஜ் அவள் காலை நகர்த்தச் சொல்லி, கையை உள்ளே விட்டுப் பிடுங்கினான். எஞ்சின் அடங்கியது. சசிதரன் காசை எடுத்துப் பானெட்டில் நிறுத்தினான். நின்றது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போல இருந்தது அவனுக்கு. அந்த நிம்மதி தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

"இப்ப மிஸ்ஸிங் இல்லல்லப்பா," என்றாள் நறுமுகை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

விடுதிச் சந்தில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. வெயிலுக்கு எல்லோரும் ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டிருந்தார்கள். ஒரு வண்டியும் உதறவில்லை. சில பானெட்டுகளில் காசுகூட நின்றது. எவ்வளவு நல்ல குடும்பங்கள் என்று சசிதரன் நினைத்தான். மற்றவர்கள் பெட்டிகளை இறக்கப் பின்கதவுகளைத் திறந்தபோதுதான் பார்த்தான். வண்டிக்கு வண்டி, பின்னிருக்கையின் அடியில் ஒரு மஞ்சள் பிளக் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அவனுக்குத் திக்கென்றது. அடுத்த நிமிடம் ஆறுதலாகிவிட்டது. ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, ஊரே பிடுங்கியிருக்கிறது.

நறுமுகை வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"நல்லாப் படிம்மா. ஒரு வருஷம்தான்."

"சரிப்பா."

வாசல் கதவு தாண்டியதும் அவள் நடை வேகமானது. உள்ளே ஏதோ மணி அடித்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ரேணுகா கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். சேலம் தாண்டி ஓமலூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றார்கள். வண்டி உதறியது.

காலையில் உதறியதெல்லாம் ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் மாட்டியிருந்த பிள்ளையார் பொம்மை குதித்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். சாவடியைத் தாண்டியதும் சசிதரன் ஓரமாக நிறுத்தினான்.

"அவதான் இல்லியே, அப்புறம் என்ன?" என்றாள் ரேணுகா.

"எறங்கு. மாத்திப் பாத்துடலாம்."

ரேணுகா இறங்கினாள். உதறல் நிற்கவில்லை. அவள் ஏறிக்கொள்ள, அவன் இறங்கினான். அப்போதும் நிற்கவில்லை. அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ரேணு! ஆள் மாறியும் மாறல. அப்ப வண்டிதான். நான் ஆரம்பத்துலருந்தே சொல்றேன், காயில்தான். பாவம், அவ மேல போய் பழி போட்டோம்."

ரேணுகா இருக்கையிலிருந்து மெதுவாக இறங்கி, அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

எஞ்சின் அடங்கியது.

இரண்டு முன்கதவுகளும் திறந்து கிடக்க, ஒருவரும் இல்லாத வண்டி ஒரு சின்ன அசைவுகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று கெட்டிருந்தால்தான் மாற்றிப் பார்க்கும் முறை அதைக் காட்டிக்கொடுக்கும். எல்லாமே கெட்டிருந்தால் அது வண்டியைத்தான் குற்றம் சொல்லும். தரம் பார்க்கிறவனுக்கு இது தெரியாததல்ல. ரேணுகா அவன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துப் பானெட்டில் வைத்தாள். அது நின்றது.

சாலையோரம் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் காசைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். "என்னமா நிக்குது வண்டி," என்றாள் மனம் நிறைந்து. "குடுத்து வெச்ச குடும்பங்க."

"ஆமாங்கம்மா," என்றாள் ரேணுகா. "குடுத்து வெச்சுட்டுதான் வர்றோம்."

சசிதரன் பின்கதவைத் திறந்து, முழங்காலை ஊன்றி, இருக்கைக்கு அடியில் அந்த மஞ்சள் பிளக்கைத் திரும்பச் சொருகத் தேடினான்.