எட்டே விநாடியில் நூறு!

செல்போன் அலறியது!

எஞ்சினுக்குள் கையை விட்டிருந்த மெக்கானிக் ஹேமநாதன், கிரீஸ் விரலோடு எடுத்தான்.

"எஸ்.ஐ. மணவாளன் பேசறேன். பொதட்டூர்பேட்டை ஆகாஷோட சின்னக் கார்ல பெரிய எஞ்சின் மாத்திக் குடுத்தது நீதான?"

"ஆங்... நான்தாங்க."

"திருத்தணி மலைப்பாதைல, பள்ளத்துல கெடக்குது. ஓட்டினு போன ஆள் அவுட்! கெளம்பி வா."

ஹேமநாதன் கையைத் துடைத்துக்கொண்டு பைக்கை உதைத்தான்.

காரின் எடை... எஞ்சினின் குதிரைத்திறன்... இரண்டையும் கால்குலேட்டரில் தட்டி, வேகம் 'எட்டே விநாடியில் நூறு!' என்று ஆகாஷிடம் அடித்துவிட்டவன் அவன்தான். பிறகு ஓட்டிப் பார்த்தபோது தெரிந்த சங்கதியே வேறு. அதை மறைத்து, "மலையில வண்டிப் பூஜை போடற வரைக்கும் மெதுவா உருட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தான். நாள் கடத்தத்தான்! பூஜைக்கு முன்னால் வண்டியை விரட்ட அந்தப் பக்கத்தில் எவனுக்கும் மனசு வராது.

பொய்யில் முருகனையும் பார்ட்னராகச் சேர்த்த பாவி!

மலைப்பாதை வளைவு.

கீழே நசுங்கிய கார். பக்கத்தில் வேட்டி போர்த்திய உடல்... ஆகாஷின் அக்கா புருஷன் அரசு!

"பாவா... பாவா..." ஆகாஷ் மணவாளன் எதிரே மண்ணில் புரண்டான். "வளைவுக்குக் கீழ ஒண்ணுக்கு எறங்கினேன் சார். பூஜைக்கு முன்னாடி மிதிக்காதீங்கன்னு அடிச்சிகினேன். கேக்கல! என் கண்ணெதிர நூறுல பறந்தாரு... தூக்கிப் போட்டுச்சு!"

வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர் ஹேமநாதன் காதருகே குனிந்தார்.

"மேட்டுலயே நூறா! இன்னா பவரு... நைனா, நம்ம வண்டிக்கும் இத மாட்டிக் குடேன்."

வாயை மூடிக்கொண்டால் கடை ஓஹோ. திறந்தால் கடையை மூடவேண்டியதுதான்.

வேட்டிக்கு வெளியே அரசுவின் ஒற்றைக்கால், செருப்போடு...

"சார்! நான்தான் கொன்னேன்!"

"இன்னாயா ஒளர்ற?"

"நூறும் இல்ல, மண்ணும் இல்ல சார்! வண்டியோட கம்ப்யூட்டர் பெட்டிக்கும் புது எஞ்சினுக்கும் ஒத்துக்கவே இல்ல. எவ்ளோ மிதிச்சாலும் நாப்பதுதான். மேட்டுல இருபது வந்தா அதுவே சாமி புண்ணியம்! ஏற முடியாம பின்னால உருண்டிருக்கும். சொல்லாம மறைச்சிட்டேன். என்ன உள்ள தள்ளுங்க..."

மணவாளன் அவனைப் பார்க்கவில்லை.

ஆகாஷைப் பார்த்தார்.

"மேட்டுல இருபது போற வண்டி... உன் கண்ணுக்கு மட்டும் நூறா தம்பி?"

அழுகை பட்டென்று நின்றது!

"டேய் ஹேமா... எட்டு விநாடின்னு சொன்னியேடா!"

"முன்னால பாஞ்ச வண்டில பின்மண்டைலயா காயம்னு அப்பவே இடிச்சுது. சொல்றா!" மணவாளன் அதட்டினார்.

ஆகாஷின் தோள்கள் தொங்கின. "எங்கக்காவ தெனம் போட்டு அடிச்சான் சார்... கல்ல எடுத்து ஒரே போடு. அப்புறம் வண்டியோட தள்ளிவுட்டேன். இவன் சொன்ன வேகத்த நம்பித்தான்... ஆக்சிடென்ட்டுன்னு எல்லாரும் நம்புவாங்கன்னு..."

விலங்கு மாட்டினார்கள்.

ஹேமநாதனால் நிமிர முடியவில்லை. அவன் விட்ட கதையை நம்பி ஒருவன் கொலையே செய்திருக்கிறான்!

"ஊருக்கே தெரிஞ்சு போச்சு சார். இனிமே எவன் என்கிட்ட வண்டி வுடுவான்?"

"எங்க ஸ்டேஷன் ஜீப்பக் கொணாந்து வுடறேன்யா," என்றார் மணவாளன். "அதுக்கு நாப்பதே ப்ரமோஷன்!"