மேலே திறக்கும் கதவு

காலை 6.40. அம்பத்தூரின் ஒரு தெரு முழுவதும் சோழவரம் ஓடுதளத்தில் வரிசையாக நின்றது. அறுபது பேர். ஊழியர் ஒருவர் ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னாலும் விரல் வைத்து, பிறந்த எல்லோருக்கும் தோலுக்கடியில் பதிக்கப்படும் உளமானியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பொறாமை கணக்கில் சேரக் கூடாது.

ஆண்டு 2187. சாலையில் எல்லா வண்டிகளும் தாமாகவே, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடின. வேகத்தைச் சொல்லி இனி எதையும் விற்க முடியாது. பந்தயக் கார் செய்பவர்கள் அதனால் பொறாமையை அளந்தார்கள். அதன் அலகு எரி. முன்பின் தெரியாதவரைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை. எனவே ஒரே தெருக்காரர்களை அழைத்து, அவர்களில் ஒருவரைக் காரில் உட்காரவைப்பது வழக்கம். மற்றவர்கள் பார்ப்பார்கள்.

அன்று ஒரே கம்பெனியின் இரண்டு கார்கள். அதிக எரி பெறும் காரில் நூறு செய்து விற்பார்கள். மற்றதை உருக்கிவிடுவார்கள்.

ஒன்று செங்கமலத்தினுடையது. பதினோரு ஆண்டு உழைப்பு. மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்த சட்டகம், எடை நாற்பது கிலோ. வளைவுகளில் அது முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் குழாய்கள் பக்கவாட்டில் உயரமாக ஏறின. சாதாரணக் கதவுக்கு இடமில்லை. கதவைக் கூரையில் பொருத்தினாள். அது மேல்நோக்கித் திறந்தது. முகப்பு தாழ வேண்டும் என்பதற்காக எஞ்சினைச் சாய்த்து வைத்தாள். அந்தக் காரில் காரணமில்லாத திருகு ஒன்றுகூடக் கிடையாது.

மற்றது அருள்தாசனுடையது. அதன் கதவும் மேலேதான் திறந்தது. கீழே குழாய் எதுவும் இல்லை.

வடிவமைத்தவர்கள் ஓடுதளத்தை ஒட்டிய பார்வையாளர் அரங்குக்கு வெளியே, தேநீர் அறையில் காத்திருக்க வேண்டும். இருவரும் திரை முன்னால் உட்கார்ந்தார்கள்.

"உன் கதவு எதுக்குய்யா மேல போகுது?" என்றாள் செங்கமலம்.

"உங்களது போகுதே, மேடம்."

"என்னோடதுக்குக் காரணம் இருக்கு."

"ஏறி உக்கார்றவங்க காரணத்தையா பாப்பாங்க? வடை ஆறுது, எடுத்துக்குங்க."

அவள் எடுக்கவில்லை.

முதலில் அவளுடைய கார். தெருவிலிருந்து கற்பகவல்லி என்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் குழாய்களுக்கு மேல் ஒரு காலைப் போட்டாள். சேலை மாட்டிக்கொண்டது. மறு கால் வெளியிலேயே நின்றது.

"ஏ கற்பகம், மதில் ஏறிக் குதிக்கிற மாதிரி குதிடி" என்று யாரோ சொல்ல, தெரு சிரித்தது.

பிறகு இயந்திர ஓட்டுநர் காரைச் சுற்றுக்குக் கொண்டுபோனது. எழுபத்தோரு விநாடி. சோழவரத்தில் எந்தக் காரும் அந்த வேகத்தில் சுற்றியதில்லை. சிரிப்பு நின்றது. திரையில் கூட்டுத்தொகை வந்தது: 212.

"நல்ல எண்ணிக்கை, மேடம்" என்றான் அருள்தாசன். மனதாரச் சொன்னான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவனுடைய காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செங்கமலம் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கை கழுவிட்டு வரேன்."

பின்கதவு சாத்தப்படும் முன் அரங்குக்குள் நுழைந்து, கடைசி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குறைகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பார்த்தாள். இருநூறு கிலோ அதிகம். காற்றே போகாத காற்றுத்துளைகள். கதவிடுக்கு இரண்டு மில்லிமீட்டர் பிசகியிருந்தது.

மேடையில் கார் மெல்லத் திரும்பியது. கூரையிலிருந்து வால்வரை ஒரே கோடு இறங்கியது. அருள்தாசன் அதை ஒரு மாலையில், கையெடுக்காமல் வரைந்ததாக அலுவலகத்தில் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்குக் காரணம் இல்லை. காரணம் இல்லாமலே அது சரியாக இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அப்படி ஒன்றை அவள் வரைந்ததில்லை. இன்னும் பதினோரு ஆண்டு கொடுத்தாலும் வராது.

விலா எலும்புக்குக் கீழே சுருக்கென்றது.

கற்பகவல்லி ஊஞ்சலில் உட்காருவது போல உள்ளே உட்கார்ந்து, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, தன் தெருவைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. வண்டி சுற்றிவர எண்பத்து நான்கு விநாடி ஆனது. அதை யாரும் எண்ணவில்லை.

அளவை அதிகாரி திரவியம் கையில் பலகையுடன் மேடையேறினார்.

"இருநூத்தி பதினஞ்சு. மூணே மூணு எரியில ரெண்டாவது கார் தேர்வாகுது. கதவு சாத்தினப்போ உள்ள இருந்த எல்லா உளமானியும் சேர்த்த கணக்கு இது."

அறுபது பேரும் கைதட்டினார்கள். செங்கமலம் தட்டவில்லை. அவள் கை காதுக்குப் பின்னால் போயிருந்தது.

திரவியம் பலகையை இன்னொரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரே இருக்கையில ஒம்பது எரி. இதுக்கு முன்னால இங்க யாரும் ஏழு எரியத் தாண்டினதில்ல. அவ்வளவு ஆசைப்பட்டவங்கதான் முதல்ல வாங்குவாங்கன்னு கம்பெனிக்குத் தெரியும், அதனால முதல் வண்டி அவங்க பேருக்கு ஒதுக்கியாச்சு. கடைசி வரிசை, ஓரத்து இருக்கை. யாரும்மா அது, கொஞ்சம் எந்திரிச்சு உங்க பேரச் சொல்றீங்களா?"